கழுத்துப் பட்டை: ஒன்றரை வருடம் கழித்து ஒரு விமர்சனம்

இந்தக் கழுத்துப் பட்டையைப் பற்றி எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். போட்டதும் வலி குறைந்தது, தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு ஐந்து என்று. நானும் அந்த வாரத்தில் எழுத உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். இப்போது ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, சொல்ல வேண்டியது மாறிவிட்டது. காரில் போகும்போது பின்னாலிருந்து இடி வாங்கி, கழுத்து வலியோடு இதைத் தேடி வந்திருப்பவர்கள், அதிலும் வண்டியை ஓட்டாமல் கூட உட்கார்ந்து போனவர்கள், தயவுசெய்து பொறுமையாக முழுக்கப் படியுங்கள்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுரைப் பஞ்சு, அதன் மேல் பனியன் துணி மாதிரி ஓர் உறை, பிடரியில் ஒட்டிக்கொள்ள வெல்க்ரோ, அவ்வளவுதான். தாடை வரும் இடத்தில் லேசாகக் குழித்து வெட்டியிருக்கும், அந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும். உயரம்தான் இதில் முக்கியம். நேரே பார்த்தபடி நின்று, தாடைக்கும் நெஞ்செலும்புக்கு மேலே இருக்கும் குழிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, அதற்குத் தகுந்ததை வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது உயரம் கூடியது. தலை சற்று அண்ணாந்தபடியே நின்றதில் இரண்டு மணி நேரத்துக்குள் பிடரி கல் மாதிரி ஆகிவிட்டது, திருப்பிக் கொடுத்து அடுத்த அளவு வாங்கினேன். தையல் உறுதி. வெல்க்ரோவில் ஒரு மாதத்துக்குள் முடியும் நூலும் சிக்கிப் பிடிமானம் போய்விடுகிறது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் மறுபடி ஒட்டும். வியர்த்தால் தாடைக்கு அடியில் சிவந்து தடிக்கிறது. உறையைத் தனியாகக் கழற்ற முடியாததால் முழுப் பட்டையையும் கையால் அலசி, பிழியாமல் காயப் போட வேண்டும், அது காய ஒரு பகல் முழுக்க ஆகிறது.

பொருளின் மேல் எனக்கு இருக்கும் குறை இவ்வளவுதான். இதற்கு மேல் நான் எழுதப் போவது அதை எத்தனை நாள் போட்டேன் என்பதைப் பற்றி.

அத்தான் ஓட்டினார், அக்கா முன் இருக்கையில், நான் பின்னால். சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். பின்னால் வந்த வண்டி நிற்காமல் வந்து இடித்தது. அத்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டார், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துத் தலையை இருக்கையோடு அழுத்திக்கொண்டேன் என்று பிறகு சொன்னார். எனக்கு அந்த ஒரு நொடி கூடக் கிடைக்கவில்லை. இருக்கையில் வைத்திருந்த பையில் எதையோ எடுக்க இடது பக்கம் திரும்பியிருந்தேன். என் ஹெட்ரெஸ்ட் அடிவரை இறக்கிவிடப்பட்டிருந்தது, அது தோளைத் தாண்டிக் கொஞ்சம்தான் மேலே நின்றது. சீட் பெல்ட் போட்டிருந்தேன், அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின் இருக்கையில் பெல்ட் எதற்கு என்று இன்னமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் இல்லையென்றால், இடி வாங்கிய வேகத்தில் எங்கள் வண்டி முன்னால் நின்றதன் மேல் போய் மோதியபோது, நான் அக்காவின் இருக்கை மேல்தான் விழுந்திருப்பேன்.

முதலுதவிக்குப் போன இடத்தில் எல்லாக் கேள்வியும் அத்தானிடம்தான். எவ்வளவு வேகம், தலையில் அடியா, நெஞ்சு வலிக்கிறதா, எல்லாம் அவரிடம். என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, நீங்க சும்மா உட்கார்ந்துதானே வந்தீங்க?" நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஆட்ட முடிந்தது. மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, இரண்டு கையாலும் பின்மண்டையைத் தாங்கிப் பிடித்துத்தான் எழுந்தேன். இந்த வகைக் காயத்தில் வலி சில மணி நேரம் கழித்தோ, ஒன்றிரண்டு நாள் கழித்தோ வருவது சாதாரணம் என்பது எனக்கு அப்போது தெரியாது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, பட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, பட்டை வந்த பெட்டியிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஏழு வாரம் போட்டிருந்தேன்.

அந்த ஏழு வாரம்தான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது. முதல் மூன்று நான்கு நாள் பட்டை நிஜமாகவே உதவியது, அதை மறைக்க மாட்டேன். இருமினால், தும்மினால், படியில் இறங்கினால் மின்னல் மாதிரி வெட்டிய வலி பட்டைக்குள் அடங்கியது. அப்புறம் மெல்ல மெல்ல அது இல்லாமல் உட்காரவே முடியாமல் போனது. கழற்றினால் தலை ஏதோ காம்பில் ஆடும் பூசணிக்காய் மாதிரி கனத்தது. வலி இன்னும் தீரவில்லை, அதனால்தான் பட்டை தேவைப்படுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். வேலை செய்யாத தசை நாளுக்கு நாள் சோர்ந்துபோய், தலையைச் சுமக்கும் பழக்கத்தையே விட்டுக்கொண்டிருந்தது என்று புரிந்தது மூன்றாவது மாதத்தில்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கும் அது இருக்கலாம். என் காயம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கட்டு இல்லை, தையல் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வண்டியை ஓட்டியதும் நான் இல்லை. எனக்கும் அடிபட்டது என்பதற்கு இந்தப் பட்டை ஒன்றுதான் சாட்சி. அது கழுத்தில் இருக்கும் வரை ஆட்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள், பையை வாங்கிக்கொண்டார்கள், வேலையிடத்தில் கேள்வி கேட்கவில்லை. ஒருநாள் போடாமல் போனதும் "சரியாயிடுச்சா, நல்லது" என்று அன்றைக்கே பழைய வேலை முழுவதும் மேஜைக்கு வந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் போட்டுக்கொண்டு போனேன்.

இந்தக் காயத்துக்கு விப்லாஷ் என்று பெயர். பின்னாலிருந்து இடிக்கும்போது இருக்கை முதுகை முன்னால் தள்ளிவிடுகிறது, தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்து 'எஸ்' எழுத்து மாதிரி வளைகிறது: கீழ்க்கழுத்து பின்னால் மடங்க, மேல்கழுத்து முன்னால் குனிகிறது. நாமாகக் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கழுத்து ஒருபோதும் அப்படி வளையாது. தசை இறுகித் தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கழுத்தெலும்புகளின் பின்பக்கம் ஜோடி ஜோடியாக இருக்கும் சின்ன மூட்டுகளும் அவற்றை மூடியிருக்கும் உறைகளும் அந்த வளைவில்தான் நசுங்கி, இழுபட்டு, காயப்படுகின்றன. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஒரு பக்க மூட்டுகள் கூடுதலாக இழுபடும். என் வலி இன்றைக்கும் வலது பக்கம்தான். எக்ஸ்ரேயிலும் எம்ஆர்ஐயிலும் இதெல்லாம் பெரும்பாலும் தெரியாது, அதனால் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொல்வதும் உங்களுக்கு வலி இல்லை என்று சொல்வதும் ஒன்றல்ல.

இதைப் பற்றி 1995ல் கனடாவின் கியூபெக்கில் ஒரு நிபுணர் குழு விரிவாக ஆராய்ந்து, காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்தது. வலி மட்டும் இருந்தால் 1. வலியோடு அசைவு குறைந்து, தொட்டால் நோகும் இடமும் இருந்தால் 2, நான் அதில் வருகிறேன். நரம்பு பாதித்ததற்கான அறிகுறி இருந்தால் 3, எலும்பு முறிந்தோ விலகியோ இருந்தால் 4. பட்டையை நீண்ட நாள் போட்டு வைக்காமல் சீக்கிரம் இயல்பான அசைவுக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் குழு அப்போதே சொல்லிவிட்டது. அவ்வளவு காலத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் என் பட்டையின் பெட்டியில் ஒரு வரியாக அச்சாகியிருந்தால் எனக்கு எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் கெட்டியான பிளாஸ்டிக் காலர் வேறு. அதை மருத்துவர் சொல்லாமல் கழற்றவே கூடாது. நான் பேசுவது இந்த மென்மையான பட்டையைப் பற்றி மட்டும். அதே போல, கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல், நடக்கும்போது தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல், இரட்டையாகத் தெரிதல், பேச்சு குழறுதல், நேரம் போகப் போகக் கூடும் தலைவலி, இவற்றில் எது இருந்தாலும் எந்தப் பட்டையையும் தேடாதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மூன்றாவது மாதம் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் முதலில் ஒரு தாள் கொடுத்தார், கழுத்து வலியால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் கேள்வித்தாள், 1991லிருந்து புழக்கத்தில் இருப்பது. வலி, உடுத்துவது குளிப்பது, கனம் தூக்குவது, படிப்பது, தலைவலி, கவனம், வேலை, வண்டி ஓட்டுவது, தூக்கம், பொழுதுபோக்கு என்று பத்துப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 50. எனக்கு 23 வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, எண் பெரியது என்பதால் இல்லை, என் கஷ்டத்தை ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்பதால்.

அப்புறம் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, பிடரிக்கு அடியில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை மாதிரி ஒரு காற்றுப் பையை வைத்து, அதன் மீட்டரில் முள் 20ஐத் தொடும் வரை காற்றடித்தார். தலையைத் தூக்காமல், ஆமாம் என்று சொல்கிற மாதிரி தாடையை மட்டும் மெல்ல உள்ளே இழுத்து முள்ளை 22க்குக் கொண்டுவந்து பத்து நொடி அங்கேயே நிறுத்த வேண்டும். கேட்க ஒன்றுமே இல்லாத வேலை மாதிரி இருக்கிறது. என் முள் 22ஐத் தொட்டது, நடுங்கியது, மூன்றாவது நொடியில் விழுந்தது. கழுத்தின் முன்பக்கம் எலும்பை ஒட்டி உள்ளே ஓடும் தசைகள்தான் தலையை நிலையாக வைத்திருப்பவை, அவை தூங்கிவிட்டதால் வெளித்தசைகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து வலிக்கின்றன என்று விளக்கினார். 22ல் பத்து நொடி, பத்து தடவை. அது வந்த பிறகு 24, 26, 28, கடைசியில் 30. எனக்கு 28 வர ஐந்து மாதம் ஆனது, 30 இன்னும் நிலையாக வரவில்லை.

இன்னொரு சோதனை என்னை உலுக்கிவிட்டது. நெற்றியில் ஒரு லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, சிவப்புப் புள்ளியைச் சுவரில் ஒரு குறிக்கு நேரே நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடி, தலையை வலது பக்கம் திருப்பி, மறுபடி நேராக வந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான் நேராக வந்துவிட்டேன் என்று உறுதியாக நினைத்துக் கண்ணைத் திறந்தால் புள்ளி ஒரு சாண் தள்ளி நின்றது. ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தவறினால் கழுத்தின் நிலை உணர்வு பாதித்திருப்பதாக எடுத்துக்கொள்வார்களாம். கூட்டத்தில் நடக்கும்போது எனக்கு வந்த லேசான தலைசுற்றலுக்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. அசையாமல் வைத்திருந்த கழுத்து, தான் எங்கே இருக்கிறது என்பதையே மறந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே இருபது முப்பது முறை பிசியோதெரபிக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட வேண்டாம். 2014ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு வந்தது. விப்லாஷ் வலி மாதக்கணக்கில் நீடித்த 172 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரத்தில் 20 அமர்வு பயிற்சி, மற்றவர்களுக்கு அரை மணி நேர ஆலோசனை ஒரே ஒரு தடவையும் பிறகு தேவைப்பட்டால் தொலைபேசியில் பேசும் வசதியும். வலி குறைந்ததில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு அந்தக் காற்றுப் பை உதவியது என்று நான் நம்புகிறேன், ஆனால் அதைவிட உதவியது முதல் நாள் என் பிசியோதெரபிஸ்ட் சொன்ன நாலு வார்த்தைதான் என்றும் நினைக்கிறேன்: "உங்க கழுத்து உடையலைங்க. வலிக்கும், ஆனா திருப்பலாம். திருப்பினா கெட்டுப் போகாது." அதை முதல் வாரத்தில் யாராவது சொல்லியிருந்தால் பட்டையை நான் நாலாம் நாளே கழற்றி வைத்திருப்பேன்.

விப்லாஷ் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருடம் கழித்தும் ஏதோ ஒரு கழுத்துத் தொந்தரவு மிச்சம் இருக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த விஷயம். தேறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் வேகமாகத் தேறுகிறார்கள், பிறகு வேகம் குறைந்துவிடுகிறது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பகுதியை நான் நுரைப் பஞ்சுக்குள் வைத்து வீணாக்கினேன். பட்டையால்தான் என் வலி நீண்டது என்று அடித்துச் சொல்ல முடியாது, அது இல்லாமலும் நீண்டிருக்கலாம். ஆனால் அசைவை மீட்க வேண்டிய நாட்கள் அவை, அது மட்டும் நிச்சயம்.

சிலர் காரில் போகும்போது பாதுகாப்புக்காக இதைப் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படிச் செய்தேன். இன்னொரு இடி வந்தால் இந்தப் பஞ்சு எதையும் தாங்காது. தாங்க வேண்டியது ஹெட்ரெஸ்ட். அதன் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை அளவுக்கு வர வேண்டும், பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே நாலு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. கம்பி நுழையும் இடத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அழுத்திக்கொண்டு மேலே இழுத்தால் டக் டக் என்று படிப்படியாக ஏறும். பத்து நொடி வேலை. பின் இருக்கையில், ஓட்டுகிறவருக்குப் பின்னால் வரும் வண்டிகள் மறைக்காமல் தெரிய வேண்டும் என்று அதை அடிவரை இறக்கிவிட்டு, ஆள் ஏறியதும் ஏற்ற மறந்துவிடுகிறோம். நான் இப்போது யார் வண்டியில் ஏறினாலும் பெல்ட்டுக்கு முன்னால் அதைத்தான் ஏற்றுகிறேன்.

காருக்குள் இருக்கும் பயத்துக்கும் பட்டை ஒன்றும் செய்யாது, சொல்லப்போனால் கூட்டும். ஓட்டுகிறவர் கையில் ஸ்டியரிங்கும் காலடியில் பிரேக்கும் இருக்கிறது. கூட உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் இல்லை. பின்னால் பிரேக் சத்தம் கேட்டாலே என் வலது கால் தரையை மிதிக்கும், மூச்சு நின்றுவிடும், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும், அன்றைக்கு முழுக்க கழுத்து வலிக்கும். ஆறு மாதம் சிக்னலில் நிற்கும் வண்டியில் இருக்கவே முடியவில்லை. விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, கனவு, வண்டியைத் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, இவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும், இதற்கென்றே பலன் தரும் பேச்சு சிகிச்சை இருக்கிறது. நான் போனேன். முதலில் நிற்கும் காரில் பின் இருக்கையில் ஐந்து நிமிடம், பிறகு தெருவை ஒரு சுற்று, பிறகு ஒரு சிக்னல், பிறகு நெரிசல் நேரம். அத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முகம் சுளிக்காமல் ஓட்டினார். "நீ சொன்னா நிறுத்துறேன், சொல்லலைன்னா போய்க்கிட்டே இருப்பேன்" என்பார். கழுத்துக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஏதோ செய்தன, தோள் இறங்க இறங்க வலியும் இறங்கியது.

அக்காவுக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை, முழங்கால்தான். வண்டி முன்னால் மோதியபோது மடக்கியிருந்த கால் டாஷ்போர்டில் போய் இடித்தது. முன் இருக்கைக்காரர்களுக்கு இது வழக்கமான காயம், முழங்காலுக்குள் பின்பக்கம் குறுக்கே ஓடும் தசைநார் இழுபட்டுவிடும். அவளும் முதலில் சுளுக்கு என்று விட்டுவிட்டாள். இன்றைக்கும் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். அவளிடமும் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வித்தாளில் என் கணக்கு இப்போது 50க்கு 8. தலை இரண்டு பக்கமும் திரும்புகிறது, வலது பக்கம் கடைசியில் கொஞ்சம் இடிக்கும். கணினி முன்னால் நீண்ட நேரம் உட்கார்ந்தால் பிடரியிலிருந்து ஒரு வலி கிளம்பி வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது, எழுந்து நடந்தால் போய்விடுகிறது.

சரி, வாங்கலாமா? எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, முதல் சில நாட்களில் வலி தாங்காதபோது ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுக் கழற்ற என்றால் வாங்கலாம், அதற்கு இது நல்ல பொருள். நாள் முழுக்கப் போட, வாரக்கணக்கில் போட, காரில் பாதுகாப்புக்குப் போட என்றால் வேண்டாம். தயாரித்தவர்கள் இதைப் படித்தால், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள் என்ற ஒரு வரியைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுங்கள். தையலுக்கும் துணிக்கும் நான்கு கொடுப்பேன், அந்த வரி இல்லாததற்காக ஐந்துக்கு இரண்டு.

என் பட்டை இப்போது என்னிடம் இல்லை. போன மாதம் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதே மாதிரி விபத்து, அவளும் பின் இருக்கைதான். சோதனை எல்லாம் முடிந்து, வலித்தால் சில நாள் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்களாம், இரவல் கேட்டாள். அலசிக் காய வைத்து, வெல்க்ரோவைச் சுத்தம் செய்து, உள்பக்கத் துணியில் பேனாவால் ஒரு தேதி எழுதிக் கொடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து நாலாவது நாள். என்ன தேதி என்று கேட்டாள். "அன்னைக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றேன், போய் வாங்கினேன். அப்புறம் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல், என் பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.